கொல்லப்பட்டவன் நல்லவனா? மெக்பெத் ஜப்பானியப் படமான விதம்

ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் கொலையாகும் அரசன் டங்கன் நல்லவன். நாடகம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. கத்தியை எடுப்பதற்கு முன் மெக்பெத்தே தனியாக நின்று கணக்குப் பார்க்கிறான். இவர் என் சொந்தக்காரர், என் அரசர், இன்றிரவு என் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் வந்தால் கதவை அடைத்துக் காக்க வேண்டியவன் நான், நானே கத்தியைத் தூக்கலாமா? கையிலிருந்த அதிகாரத்தை வைத்து யாருக்கும் கெடுதல் செய்யாத மனிதர் வேறு. இத்தனையும் தெரிந்தே கொல்கிறான். அதனால்தான் மிச்சமிருக்கும் அங்கங்களில் அவனால் கண்மூட முடியவில்லை.

அகிரா குரோசாவா 1957இல் இந்த நாடகத்தை 'சிலந்தி வலைக் கோட்டை' என்று படமாக்கியபோது, அந்த நல்ல அரசனைத் தூக்கிவிட்டார். அவர் படத்தில் கொலையாகும் பிரபு குனிஹரு, தனக்கு முன்னிருந்த பிரபுவைக் கொன்றுவிட்டு அந்த இடத்துக்கு வந்தவர். இதைப் படம் பெரிதாக அறிவிப்பதில்லை. மெக்பெத்தின் இடத்தில் இருக்கும் வாஷிசு, பிரபுவைக் கொல்வது துரோகம் என்று சொல்லும்போது, அவன் மனைவி அசாஜி குரலை உயர்த்தாமல் ஞாபகப்படுத்துகிறாள்: அவரும் அப்படித்தானே வந்தார்? அந்த ஒரு கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூடுபனியையும், நோ நாடகத்தின் முகமூடிகளையும், கடைசியில் பாயும் அம்புகளையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அவையெல்லாம் பேசத் தகுந்தவைதான். ஆனால் தழுவல் வேலை நடந்தது அசாஜியின் அந்தக் கேள்வியில் என்று நான் நம்புகிறேன். அங்கே ஒன்று மாறியதும் மற்ற அத்தனையும் மாற வேண்டியதாயிற்று.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தயாரிப்பு தோஹோ நிறுவனம். திரைக்கதை எழுதியவர்கள் குரோசாவாவோடு சேர்த்து நான்கு பேர்: ஷினோபு ஹாஷிமோதோ, ரியூசோ கிகுஷிமா, ஹிதேயோ ஒகுனி. வாஷிசுவாகத் தோஷிரோ மிஃபூனே, அசாஜியாக இசுசு யமாதா, மெக்பெத்தின் நண்பன் பாங்க்வோவின் இடத்தில் வரும் மிகியாக மினோரு சியாகி நடித்தார்கள். 1950இல் 'ரஷோமோன்' முடித்த கையோடு மெக்பெத்தை எடுக்கும் எண்ணம் குரோசாவாவுக்கு இருந்தது. ஆர்சன் வெல்ஸ் 1948இல் எடுத்த மெக்பெத் இருந்ததால் தள்ளிப்போட்டார். அந்த இடைவெளி நல்லதாகவே போயிற்று. 'ஏழு சாமுராய்'களை எடுத்து முடித்த பிறகுதான் அவர் மீண்டும் சாமுராய் உலகத்துக்குள் நுழைகிறார்.

டங்கனை நல்லவன் ஆக்கியது யார்?

இதைக் கேட்காமல் மேலே போக முடியாது. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து. அதில் டங்கன் ஆளத் தெரியாத, இளகிய மனதுக்காரன். மெக்பெத் பட்டத்துக்கு வந்தபின் சுமார் பத்து ஆண்டுகள் ஒழுங்காகவே ஆள்கிறான். முக்கியமாக, பாங்க்வோ கொலைக்கு உடந்தை. உண்மை வரலாற்றில் டங்கன் 1040இல் சண்டையில் செத்தான். மெக்பெத் அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் ஆண்டான்.

ஷேக்ஸ்பியர் நாடகத்தை எழுதியது 1606ஐ ஒட்டி. 1603இல் ஸ்காட்லாந்து அரசன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனாகிவிட்டான். அவனுடைய ஸ்டூவர்ட் வம்சம் தன்னைப் பாங்க்வோவின் வழி என்று சொல்லிக்கொண்டது. 1605இல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்து அரசனைக் கொல்லும் சதி ஒன்று பிடிபட்டிருந்தது. அரசன் கடவுளின் பிரதிநிதி, அவனைத் தொட்டால் இயற்கையே நிலைகுலையும் என்று நம்பிய, நம்பவைக்கப்பட்ட பார்வையாளர்கள். அவர்கள் முன்னால் பாங்க்வோவைக் கொலைச் சதியில் பங்காளி என்று காட்ட முடியுமா? அதனால் பாங்க்வோ சுத்தமானவன் ஆனான், டங்கன் புனிதன் ஆனான். கொலை நடந்த இரவில் புயல் அடிக்கிறது, ஆந்தை பருந்தைக் கொல்கிறது, குதிரைகள் ஒன்றையொன்று கடித்துத் தின்கின்றன. ஒழுங்கு உடைந்தது என்பதற்கு வானமும் பூமியும் சாட்சி. கடைசியில் டங்கனின் மகன் மால்கம் முடி சூடியதும் ஒழுங்கு திரும்பிவிடுகிறது.

ஆக, ஷேக்ஸ்பியரும் ஒரு தழுவல்காரர்தான். தன் காலத்துக் கூட்டத்துக்குக் கொலை எந்த இடத்தில் உறைக்குமோ அந்த இடத்தில் கதையைத் திருப்பி வைத்தார். குரோசாவா அந்தத் திருப்பத்தை நிமிர்த்தியபோது, ஹாலின்ஷெட் சொன்ன இருண்ட கதைக்கு ஷேக்ஸ்பியரைவிட நெருக்கமாகப் போய் நிற்கிறார். மூலத்துக்கு விசுவாசம் என்று பேசுகிறவர்கள் எந்த மூலத்துக்கு என்று முதலில் சொல்ல வேண்டும்.

துரோகம் அன்றாடமான காலம்

படம் நடப்பது ஜப்பானின் போர்க்கால நாடுகள் யுகத்தில். 1467இல் தொடங்கிய ஓனின் போருக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாடு துண்டு துண்டாகக் கிடந்த காலம் அது. கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்த்து அந்த இடத்தைப் பிடிப்பதுதான் அந்த யுகத்தின் அடையாளம். எஜமானனைக் கொல்வது குற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோருக்கும் அப்படிக் கொன்றவர்களைத் தெரியும். இந்த உலகத்தில் டங்கனைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஓர் அரசன் செத்ததற்காகச் சூரியன் மறையும் என்றால் ஜப்பானில் நூறு ஆண்டுகள் வெளிச்சமே இருந்திருக்காது.

அப்படியானால் வாஷிசு ஏன் கொல்கிறான்? அதிகார ஆசைக்கு நடுவே குரோசாவா பயத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறார். லேடி மெக்பெத் கணவனின் ஆண்மையைச் சீண்டுகிறாள். அசாஜி அப்படிச் செய்வதில்லை. அவள் போடுவது சூழ்நிலைக் கணக்கு. வாஷிசு ஒருநாள் கோட்டைக்குப் பிரபு ஆவான் என்று காட்டில் ஓர் ஆவி சொன்னதை மிகியும் கேட்டிருக்கிறான். மிகி அதைப் பிரபுவிடம் சொல்லிவிட்டால், தன் இடத்துக்கு வரப்போகிறவனை எந்தப் பிரபு உயிரோடு விட்டுவைப்பான்? அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பு இல்லாமல் பிரபு படையோடு வந்து சேருகிறார். எதிரியைத் தாக்குவதற்காக வேட்டைக்குப் போவதுபோல் வந்தேன் என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அசாஜி விதைத்துவிட்டுப் போன சந்தேகத்தோடு பார்க்கிறவனுக்கு அது வேறு மாதிரித் தெரியும். கொல்லாவிட்டால் கொல்லப்படுவாய் என்ற வாதம் அந்த யுகத்தில் பைத்தியக்காரத்தனம் இல்லை, அனுபவ அறிவு. அதுதான் இதில் பயங்கரம்.

மிகியும் இங்கே சுத்தமில்லை. கொலை நடந்தபின் வாஷிசு பிரபுவின் சவப்பெட்டியோடு கோட்டை வாசலுக்கு வரும்போது, உள்ளே பொறுப்பில் இருக்கும் மிகி கதவைத் திறந்துவிடுகிறான். அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. தன் மகன் பிற்காலத்தில் கோட்டைக்கு அதிபதி ஆவான் என்று ஆவி சொன்னதும் நினைவிருக்கிறது. வாரிசில்லாத வாஷிசு தன் நண்பனின் மகனைத் தனக்கு அடுத்தவனாக ஆக்குவதாக முடிவு செய்கிறான். இரண்டு நண்பர்கள் ஒரு கொலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிம்மதியாகிவிடப் பார்க்கிறார்கள். அதைக் கெடுப்பது அசாஜி வாயிலிருந்து வரும் ஒரு செய்தி: நான் உண்டாகியிருக்கிறேன்.

மூல நாடகத்தில் லேடி மெக்பெத் ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்ததைப் பற்றிப் பேசுகிறாள்; அந்தக் குழந்தை எங்கே போயிற்று என்று நாடகம் சொல்வதே இல்லை. இங்கே கர்ப்பம் கதையை முன்னே தள்ளும் விசையாகிறது. மிகியைக் கொல்ல ஆள் போகிறது. குழந்தையோ வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. யாருக்காக இரண்டாவது கொலை நடந்ததோ அந்த வாரிசு பிறக்கவே இல்லை. தரிசான செங்கோல் என்று ஷேக்ஸ்பியரின் மெக்பெத் புலம்புவதைக் குரோசாவா சம்பவமாகவே ஆக்கிவிட்டார்.

கவிதை போன இடத்தில்

மொழி மாறும்போது முதல் இழப்பு கவிதை. தமிழ் மேடைக்கும் இது தெரிந்த சங்கடம்தான். சுகுண விலாச சபையை 1891இல் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆகவும் மெக்பெத்தை 'மகபதி' ஆகவும் கொண்டுவந்தபோது பேச்சுக்குப் பேச்சையே ஈடாக வைத்தார். மேடைக்கு அது பொருந்தும். நடிகன் பேசத்தான் கூட்டம் வருகிறது. சினிமாவில் அந்த வழி சீக்கிரம் அலுக்கும். குரோசாவா ஷேக்ஸ்பியரின் ஒரு வரியைக்கூட மொழிபெயர்க்க முயலவில்லை. வாஷிசுவுக்கு நீண்ட தனிமொழி எதுவும் கிடையாது. அந்தக் காலியிடத்தை நிரப்பத் தன் நாட்டிலேயே ஐநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பண்பட்டிருந்த இன்னொரு மேடையை அழைத்தார்: நோ நாடகம்.

பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் கன்அமியும் அவர் மகன் செஅமியும் வடிவமைத்த கலை அது. மெதுவான நடை, தரையைவிட்டு எழும்பாத பாதம், மரத்தில் செதுக்கிய முகமூடி, ஒரு குழல், சில மத்தளங்கள், ஓரத்தில் உட்கார்ந்து பாடும் குழு. நோ நாடகங்கள் பலவற்றின் மையப் பாத்திரம் இறந்தவனின் ஆவி. தன் பற்றை விட முடியாமல் பழைய இடத்துக்கே திரும்பித் திரும்பி வரும். மெக்பெத் கதையோடு இது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

குரோசாவா நடிகர்களிடம் முகமூடிகளின் புகைப்படத்தைக் கொடுத்து, இதுதான் உங்கள் முகம் என்றார். மிஃபூனேவுக்குப் போர்வீரன் முகமூடி. யமாதாவுக்குப் பைத்தியத்தின் விளிம்பில் நிற்கும், இளமை கடந்த அழகியின் முகமூடி. படம் முழுக்க க்ளோசப் மிகக் குறைவு. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது மற்ற இயக்குநர்கள் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோவார்கள்; இவர் பின்னுக்கு இழுக்கிறார். உடம்பு முழுவதும் தெரியும்போதுதான் நோ நடிகன் பேசுகிறான். காட்டில் மூன்று சூனியக்காரிகளுக்குப் பதிலாக ஒரே ஆவி. குடிசைக்குள் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டே, மனிதப் பிறவியின் வீண் ஆசையைப் பற்றி உணர்ச்சியில்லாத குரலில் பாடுகிறது. சியேகோ நானிவா நடித்த பாத்திரம். நோவில் வரும் காட்டுக் கிழவிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. மெக்பெத்தின் சூனியக்காரிகள் குழப்பத்தை விரும்புகிறவர்கள். இந்த ஆவிக்கு எந்த விருப்பமும் இல்லை. நடக்கப்போவதைச் சொல்கிறது, அவ்வளவுதான். பௌத்தம் ஊறிய ஒரு பார்வை அங்கே கிறித்தவ நரகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கொலை இரவு

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மொழியில்லாமல் குரோசாவா என்ன செய்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிரபு தன் அறையை எடுத்துக்கொண்டதால் வாஷிசுவும் அசாஜியும் வேறு அறைக்கு மாறியிருக்கிறார்கள். அது யாரும் புழங்காத அறை. முன்பு அந்தக் கோட்டையை வைத்திருந்து கலகம் செய்த ஃபுஜிமாகி தன் உயிரை மாய்த்துக்கொண்ட இடம். எவ்வளவு தேய்த்தும் போகாத ரத்தக் கறை சுவரில் படர்ந்திருக்கிறது. வேலைக்காரர்கள் விளக்கோடு வந்து பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த துரோகத்துக்கு முந்தைய துரோகத்தின் கறை படுக்கை விரித்துக் காத்திருக்கிறது.

காவலர்களுக்குக் கொடுக்க மருந்து கலந்த சாக்கே என்ற அரிசி மது வேண்டும். அசாஜி எழுந்து, பின்னாலிருக்கும் இருட்டான கதவுக்குள் போகிறாள். கேமரா நகர்வதில்லை. அவள் அந்தக் கருப்புக்குள் கரைந்து போவதையும், சற்று நேரத்தில் கையில் ஜாடியோடு அதே கருப்பிலிருந்து உருவம் பெற்று வருவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கேட்பது பட்டு உடை தரையில் உரசும் சரசர ஒலி ஒன்றுதான். பின்னணி இசை கிடையாது. அந்தச் சரசரப்பு இரவு முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

அவள் ஓர் ஈட்டியைக் கொண்டுவந்து கணவன் கையில் திணிக்கிறாள். அவன் போகிறான். கொலையை நாம் பார்ப்பதில்லை, ஷேக்ஸ்பியரும் காட்டவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அசாஜி தனியாக என்ன செய்கிறாள் என்பதைக் குரோசாவா காட்டுகிறார். உட்கார்ந்திருக்கிறாள். பிறகு திரும்பிச் சுவரிலிருக்கும் கறையைப் பார்க்கிறாள். எழுந்து, நடனம் போல, வெறி பிடித்தது போல, சட்டென்று சுழன்று அறையைக் கடக்கிறாள். அப்போதுதான் நோவின் குழலும் மத்தளமும் கிளம்புகின்றன. இவ்வளவு நேரமும் மர பொம்மை போல் இருந்தவளின் உடம்புக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது அந்தச் சில விநாடிகளில் வெளியே வந்து மறுபடி உள்ளே போய்விடுகிறது.

வாஷிசு ரத்தம் தோய்ந்த ஈட்டியோடு திரும்பி வந்து பொத்தென்று உட்காருகிறான். விரல்கள் ஈட்டியைப் பிடித்தபடி இறுகிப்போயிருக்கின்றன. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கி, மயங்கிக் கிடக்கும் காவலன் கையில் வைத்துவிட்டு, திரும்பி வந்து கைகழுவிக்கொள்கிறாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடி, கொலைகாரன், கொலைகாரன் என்று கத்துகிறாள். மெக்பெத் திரும்பி வந்ததும் மனைவியோடு பேசும் பேச்சு, தூக்கத்தைக் கொன்றுவிட்டேன் என்பது, கடல் நீரெல்லாம் சேர்ந்தாலும் என் கையைக் கழுவாது என்பது, அத்தனையும் இங்கே அந்த இறுகிய விரல்களுக்குள் இருக்கின்றன. மிஃபூனே ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மண்ணும் மூடுபனியும்

கோட்டையின் வெளிப்புற செட் ஃபுஜி மலைச் சரிவில் போடப்பட்டது. பக்கத்து முகாமிலிருந்த அமெரிக்க மரைன் படையினர் கட்டும் வேலைக்கு உதவினார்கள். மூடுபனியும் எரிமலையின் கருமண்ணும் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம். ஸ்டூடியோவில் எடுத்த பகுதிகளோடு நிறம் ஒட்ட வேண்டும் என்று அந்தக் கருமண்ணை டோக்கியோவுக்கே கொண்டுபோனார்கள். கலை இயக்குநர் யோஷிரோ முராகி போட்ட கோட்டை உயர்ந்து நிற்பதில்லை. மண்ணை அழுத்திக்கொண்டு பரந்து கிடக்கிறது.

தொடக்கத்தில் வாஷிசுவும் மிகியும் காட்டைவிட்டு வெளியேற வழி தெரியாமல் மூடுபனிக்குள் குதிரையை விரட்டுவதும், மறைவதும், அதே இடத்துக்குத் திரும்பி வருவதுமாக ஒரு நீண்ட காட்சி. திரும்பத் திரும்ப வருகிறார்கள். கதை முன்னேறாத இந்தக் காட்சியை வெட்டியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது படத்தின் முதுகெலும்பாகத் தெரிகிறது. இந்த உலகத்தில் யாரும் முன்னேறுவதில்லை என்பதைக் கால்களாலேயே சொல்லிவிடுகிறது.

அம்பு எய்தவர்கள் யார்?

மூலத்தில் மெக்பெத்துக்கு இரண்டு வாக்குகள் கிடைக்கின்றன. காடு நகர்ந்து வராதவரை தோல்வியில்லை. பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் சாவில்லை. இரண்டாவதைக் குரோசாவா நீக்கிவிட்டார். தாய் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட மக்டஃப் வந்து மெக்பெத்தை ஒற்றைக்கு ஒற்றை வெல்கிறான் அல்லவா, அந்த நியாயவான் இந்தக் கதைக்குத் தேவையில்லை. இந்த உலகத்தில் நியாயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் யாருமில்லை. வெளியே திரண்டு நிற்கும் பழைய பிரபுவின் தளபதி நோரியாசு, அந்தப் பிரபுவின் மகனான இளவரசன், மிகியின் மகன் எல்லோரும் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பவர்கள்.

படத்தின் ஆகச் சிறந்த திரைக்கதை முடிவு இங்கேதான் வருகிறது. காடு நகராதவரை தோல்வியில்லை என்ற வாக்கை வாஷிசு மனதுக்குள் வைத்துக்கொள்வதில்லை. கோட்டை மேலே நின்று, சோர்ந்து கிடக்கும் வீரர்களிடம் உரக்கச் சொல்கிறான். காடு நகருமா என்று சிரிக்கிறான். அவர்களும் சிரிக்கிறார்கள், தைரியம் வருகிறது. அன்றிரவு காட்டிலிருந்து பறவைகள் கூட்டமாகக் கோட்டைக் கூடத்துக்குள் பறந்து வருகின்றன. காரணம் அப்போது யாருக்கும் புரியவில்லை: எதிரிகள் மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் மூடுபனிக்குள் காடு அசைந்து அசைந்து வருகிறது. வாஷிசு மட்டும் அதைப் பார்த்திருந்தால் அது ஒரு மனிதனின் விதி. ஆனால் அந்த வாக்கை எல்லா வீரர்களுக்கும் அவனே சொல்லியிருக்கிறான்.

கீழே முற்றத்தில் கூட்டம் மௌனமாக நின்று அவனை நிமிர்ந்து பார்க்கிறது. உங்கள் இடத்துக்குப் போங்கள் என்று அதட்டுகிறான். யாரும் அசைவதில்லை. ஓர் அம்பு வருகிறது. அப்புறம் இன்னொன்று. எஜமானனைக் கொல்வது ராஜத் துரோகம் என்று அவன் கத்தும்போது, பழைய பிரபுவைக் கொன்றது யார் என்ற கேள்வி கீழேயிருந்து திரும்பி வருகிறது. அசாஜி படுக்கையறையில் கேட்ட கேள்வி இப்போது பெயர் தெரியாத சிப்பாய்களின் வாயில். அதே தர்க்கத்தில் அவன் ஏறினான், அதே தர்க்கத்தில் இறங்குகிறான்.

அம்புகள் நிஜமானவை, வில்வித்தை பழகியவர்களை வைத்து எய்தார்கள். மிஃபூனே எந்தப் பக்கம் நகரப்போகிறார் என்பதைக் கையை வீசி முன்கூட்டியே காட்டிவிடுவாராம். படத்தில் அது தன்மேல் பாய்ந்த அம்புகளை முறித்துக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பதாகத் தெரிகிறது. அந்த முகத்தில் தெரியும் பயத்தில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கடைசி அம்பு கழுத்தில் குறுக்காகப் பாய்கிறது. அப்படியும் அவன் படியிறங்கி வந்து, வாளை உருவப் பார்த்துத்தான் விழுகிறான்.

எதைக் கொடுத்து எதை வாங்கினார்?

1957 அக்டோபரில் முதலாவது லண்டன் திரைப்பட விழா இந்தப் படத்தோடுதான் தொடங்கியது. ஷேக்ஸ்பியரின் ஊரிலேயே இதற்கு மரியாதை கிடைத்துவிட்டது. ஆனால் பீட்டர் புரூக் போன்ற நாடகக்காரர், இது மகத்தான படைப்பு, ஆனால் வரிகள் இல்லாததால் இதை ஷேக்ஸ்பியர் என்று சொல்ல முடியாது என்ற கருத்தில் இருந்தார். அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வதில் பாதி சரி.

இழப்பு நிஜமானது. மனைவி இறந்த செய்தி வந்ததும் மெக்பெத் நாளை, நாளை, நாளை என்று ஒரு பேச்சுப் பேசுகிறானே, அதில் கொலைகாரன் ஒருவன் நம் எல்லோருக்காகவும் பேசிவிடுகிறான். அந்தக் கணத்தில் அவனை வெறுக்க முடியாமல் போகிறது. வாஷிசுவை நாம் பயத்தோடு பார்க்கிறோம், வியந்து பார்க்கிறோம், அவனுக்காக அழுவதில்லை. அவன் மனதுக்குள் நமக்கு வழி இல்லை. கேமரா தள்ளியே நிற்கிறது. படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் குழுப் பாடகர்கள், இங்கே ஒரு காலத்தில் கோட்டை இருந்தது, ஆசை பிடித்தவர்கள் இருந்தார்கள் என்று பாடும்போது, ஒரு மனிதனின் கதை ஆயிரம் பேரின் கதையாகிவிடுகிறது. அதில் கிடைப்பது விசாலம். போவது நெருக்கம். கொல்லப்பட்டவன் நல்லவனாக இல்லாதபோது கொன்றவனின் மனசாட்சி அந்த அளவுக்குக் கிழிய வழியில்லை. அந்த ஒரு மாற்றத்தின் விலை இதுவென்றுதான் நினைக்கிறேன்.

எல்லா நாடகத்தையும் இப்படி உடைத்துக் கட்ட வேண்டும் என்று குரோசாவா நினைத்ததில்லை. அதே 1957இல் கார்க்கியின் 'அடித்தட்டு' நாடகத்தைப் படமாக்கினார். ரஷ்யச் சத்திரம் எடோ காலத்துக் குடிசைக் குடியிருப்பாக மாறியது, அவ்வளவுதான். பாத்திரங்களும் பேச்சும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வறுமைக்கு எடோவிலும் மாஸ்கோவிலும் ஒரே நியாயம்தான் என்பதால் அங்கே திருப்ப வேண்டிய ஆணி எதுவும் இல்லை.

நம் பக்கத்தில் இதே ஆணியைச் சரியாகக் கண்டுபிடித்தவர் மலையாள இயக்குநர் ஜெயராஜ். 1997இல் வந்த 'களியாட்டம்' ஒத்தெல்லோவைத் தெய்யம் ஆடுகிறவர்களிடையே கொண்டுபோய் வைத்தது. வெனிஸ் நகரத்தின் நிறவெறிக்கு வடகேரளத்தில் நேரடி ஈடு இல்லை. ஜெயராஜ் அங்கே சாதியையும், அம்மைத் தழும்பு விழுந்த முகத்தையும் வைத்தார். தெய்யம் கட்டி ஆடும்போது மேல்சாதிக்காரனும் கும்பிடும் கடவுள். வேஷத்தைக் கலைத்ததும் தள்ளி நிற்க வேண்டியவன். தளபதியாக மதிக்கப்பட்டும் அந்நியனாகவே இருந்த ஒத்தெல்லோவின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்குமா? நாயகனாக நடித்த சுரேஷ் கோபிக்கும் ஜெயராஜுக்கும் தேசிய விருது கிடைத்தது. விஷால் பரத்வாஜ் 2003இல் எடுத்த 'மக்பூல்' வேறொரு வழியில் போனது. மும்பை நிழலுலகம்; லேடி மெக்பெத்தின் இடத்தில் தலைவனின் ஆசைநாயகி; சூனியக்காரிகளின் இடத்தில் ஜாதகம் கணிக்கும் இரண்டு போலீஸ் அதிகாரிகள். எதிர்காலத்தைச் சொல்வதோடு நிற்காமல், அதை நடத்தி வைக்கும் அதிகாரமும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அங்கே தலைவன் அப்பாஜியைப் பார்க்கும்போது டங்கன் நினைவுக்கு வருவதில்லை, குனிஹருதான் நினைவுக்கு வருகிறார். குரோசாவாவின் பாதை இங்கேயும் தொடர்கிறது.

குரோசாவா 1985இல் 'ரான்' எடுத்தபோது லியர் அரசனிடமும் அதே கேள்வியோடு போனார். இந்தக் கிழவருக்கு ஏன் பழைய கதையே இல்லை என்பது அவரை உறுத்தியது. மகள்கள் இடத்தில் மகன்களை வைத்தது போர்க்கால ஜப்பானின் வாரிசு முறைக்காக. பெரிய மாற்றம் ஹிதெதோராவுக்குக் கொடுத்த கடந்த காலம். மருமகள்களின் குடும்பங்களை அழித்துக் கோட்டைகளைப் பிடித்தவர், ஒரு சிறுவனின் கண்களைப் பிடுங்கவைத்தவர் அவர். மூத்த மருமகள் கயெதே பழிவாங்கக் காத்திருக்கிறாள். மறுபடியும் நல்ல அரசன் நீக்கப்பட்டுவிட்டான். ஆனால் இந்த முறை கூடவே கோமாளியை வைத்துக்கொண்டார். கியோஆமி என்ற அந்தப் பிள்ளை திட்டுகிறான், அழுகிறான், பாடுகிறான், கிழவர் புத்தி தடுமாறிக் கிடக்கும்போது விட்டுப் போக முயன்று போகாமல் இருக்கிறான். வாஷிசுவின் கோட்டையில் இப்படி வாய்விட்டுப் பேச யாருக்கும் இடம் கொடுக்காதவர், 28 ஆண்டுகள் கழித்து அந்த இடத்தைத் திறந்துவிடுகிறார். அதனால்தான் அத்தனை கொடுமை செய்தவர் என்று தெரிந்தும் ஹிதெதோராவுக்காக மனம் கசிகிறது.